டஸ்கனியின் கோட்டைகள், கோயில்கள், குன்றின் மேல் ஊர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலிக்குக் கிளம்பும் நண்பர்களும் உறவினர்களும் ரோம், வெனிஸ் பற்றி என்னிடம் கேட்பதில்லை. ஃப்ளாரன்ஸுக்கும் சியெனாவுக்கும் நடுவிலும், சியெனாவுக்குத் தெற்கேயும், திராட்சைத் தோட்டங்களுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் சின்ன ஊர்களைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் வருடம் தவறாமல் அங்கே போய்வருவது அவர்களுக்குத் தெரியும். ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்து ஓரிடத்தில் வைக்கிறேன்.

சியாந்தி, சியாந்தின்னு சொல்றாங்களே, அது ஊர் பேரா, ஒயின் பேரா?

அங்கே உள்ளவர்கள் 'கியாந்தி' என்றுதான் சொல்வார்கள். முதலில் அது ஒரு மலைப்பகுதியின் பெயர். ஒயினுக்கு அந்தப் பெயர் பிறகு வந்தது. ராத்தா, கயோலே, காஸ்தெல்லீனா மூன்றும் அதன் பழைய ஊர்கள், வடக்கே க்ரேவே. 1716-இல் டஸ்கனியின் கோமகன் மூன்றாம் கோசிமோ, எந்தெந்த எல்லைக்குள் விளைந்ததைக் கியாந்தி என்று விற்கலாம் என ஆணை போட்டார். ஓர் ஒயினின் பெயரைச் சட்டப்படி ஒரு நிலத்தோடு கட்டிப்போட்ட மிகப் பழைய ஆணைகளில் அதுவும் ஒன்று. 1932-இல் அந்தப் பெயர் சுற்றுவட்டாரத்துக்கும் விரிந்தது. அப்போது நடுப்பகுதி மட்டும் 'கியாந்தி கிளாசிகோ' என்று தனியானது. புட்டியின் கழுத்தில் கறுப்புச் சேவல் படம் இருந்தால் அது கிளாசிகோ.

இந்தப் பக்கத்தில் கியாந்தியோடு இன்னும் இரண்டு பகுதிகளையும் சேர்த்தே பேசுகிறேன். ஒன்று, மேற்கே சான் ஜிமிஞானோவும் மொந்தெரிஜ்ஜோனியும். இன்னொன்று, தெற்கே வால் தோர்ச்சா பள்ளத்தாக்கும் அதைச் சுற்றியுள்ள மொந்தால்ச்சீனோ, பியென்ஸா, மொந்தெபுல்ச்சானோ ஊர்களும்.

அந்தச் சேவலுக்குப் பின்னாடி ஏதோ கதை இருக்காமே?

இருக்கிறது. ஃப்ளாரன்ஸும் சியெனாவும் தலைமுறை தலைமுறையாக எல்லைக்குச் சண்டை போட்டன. கடைசியில் ஒரு பந்தயத்துக்கு ஒத்துக்கொண்டார்களாம். சேவல் கூவியதும் இரண்டு ஊரிலிருந்தும் ஒவ்வொரு குதிரைவீரன் கிளம்ப வேண்டும். இருவரும் சந்திக்கும் இடம்தான் எல்லை. சியெனாக்காரர்கள் வெள்ளைச் சேவலுக்கு வயிறு முட்டத் தீனி போட்டார்கள். ஃப்ளாரன்ஸ்காரர்கள் கறுப்புச் சேவலைப் பட்டினி போட்டார்கள். பசித்த சேவல் விடியும் முன்பே கூவிவிட்டது. அதனால் வீரர்கள் சந்தித்தது சியெனாவுக்குக் கொஞ்ச தூரத்திலேயே, ஃபோந்தெருதோலியில். செவிவழிக் கதைதான். ஆனால் அந்த எல்லைச் சண்டை நிஜம். இத்தனை சிறிய பகுதியில் இத்தனை கோட்டைகள் இருப்பதற்கு அதுவே காரணம்.

ஊரெல்லாம் ஏன் குன்று உச்சியிலேயே இருக்கு? தண்ணிக்குக் கஷ்டப்பட மாட்டாங்களா?

கஷ்டம்தான் பட்டார்கள். சான் ஜிமிஞானோவின் நடுச்சதுக்கத்துக்கே 'தொட்டிச் சதுக்கம்' என்றுதான் பெயர். அதன் நடுவில் உள்ள கிணற்றுக் கல்லைக் குனிந்து பாருங்கள். கயிறு உரசி உரசிப் பள்ளம் விழுந்திருக்கும். அந்த ஊரில் எனக்குக் கோபுரங்களைவிடப் பிடித்தது அந்தத் தழும்புகள்தான்.

அப்படியும் மேலே ஏறியதற்கு எதிரிப் படை ஒரு காரணம், மலேரியா இன்னொரு காரணம். கிழக்கே கியானா பள்ளத்தாக்கும் மேற்கே கடலோர மரேம்மாவும் நூற்றாண்டுக் கணக்கில் சதுப்பாகவே கிடந்தன. தாழ்ந்த நிலத்தில் படுத்தால் காய்ச்சல் என்று அனுபவத்தில் கண்டிருந்தார்கள். சரிவு உழவுக்குச் சிரமம் என்றாலும் திராட்சைக்கும் ஆலிவுக்கும் தண்ணீர் தேங்காத கல்மண்தான் வேண்டும்.

காஸ்தெல்லோ, ரோக்கா, பியேவே, பாதியான்னு பலகை பலகையா இருக்கே. என்ன வித்தியாசம்?

இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயணம் புரிந்துவிடும். 'காஸ்தெல்லோ' என்றால் கோட்டை. ஆனால் மதில் சூழ்ந்த கிராமத்துக்கும் அதே பெயர்தான். கியாந்தியில் 'காஸ்தெல்லோ' பலகையைப் பின்பற்றிப் போனால் இருபது வீடும் ஒரு கோயிலும் மட்டுமே உள்ள வோல்பாயா மாதிரி ஊரில் போய் நிற்பீர்கள். ஏமாந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம், நீங்கள் நிற்பதே கோட்டைக்குள்தான். 'ரோக்கா' படைக்காகவே கட்டிய அரண். 'போர்கோ' குடியிருப்பு.

'பியேவே' கிராமப்புறத்துத் தாய்க்கோயில். ஞானஸ்நானம் கொடுக்கும் உரிமை அதற்கு மட்டும்தான் இருந்தது. சுற்றியிருந்த கிளைக் கோயில்களில் தொட்டி கிடையாது. பிறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு மைல்கணக்கில் நடந்து வருவார்கள். அதனால்தான் பல பியேவேக்கள் ஊருக்குள் இல்லாமல் பாதையோரத்தில் தன்னந்தனியாக நிற்கின்றன. 'பாதியா' துறவு மடம். கயோலே பக்கத்துக் கோல்திபுவோனோ மடம் 1051-இல் வல்லொம்ப்ரோசா துறவிகள் தொடங்கியது. இந்த மலைகளில் திராட்சை பயிரிட்டதில் அந்தத் துறவிகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

கோட்டைக்குள்ளே அரண்மனை, சிம்மாசனம் எல்லாம் பார்க்கலாமா?

இந்த நினைப்போடு போகாதீர்கள். இங்கே ஆண்டவர்கள் மன்னர்கள் இல்லை. நகரக் குடியரசுகளும், அவற்றோடு சேர்ந்தும் முரண்பட்டும் வாழ்ந்த நிலப்பிரபுக்களும்தான். பல கோட்டைகளில் இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன. பல ஒயின் நிலவறைகளாகவும் விடுதிகளாகவும் இருக்கின்றன.

ஒன்றே ஒன்று பார்ப்பதானால் ப்ரோலியோ பாருங்கள். 1141 முதல் ரிகாசோலி குடும்பத்தின் கையில் இருக்கிறது. அந்தக் குடும்பத்தின் பெத்தீனோ ரிகாசோலி, ஒன்றுபட்ட இத்தாலிக்குக் கவூருக்கு அடுத்துப் பிரதமரானவர். கியாந்தி ஒயினுக்கு எந்தத் திராட்சை எந்த அளவு என்று வருடக்கணக்கில் பரிசோதித்து, 1872-இல் ஒரு பேராசிரியருக்குக் கடிதமாக எழுதினார். சான்ஜியோவேசே என்ற திராட்சை வகைக்கு முதலிடம் கொடுத்த கடிதம் அது. மதில் மேல் நடந்து தெற்கே பார்த்தால் தோட்டங்களைத் தாண்டி, வானம் தெளிந்த நாளில், சியெனாவின் கோபுரங்கள் தெரியும். எதிரி நகரத்தைத் தினமும் பார்த்துக்கொண்டே வாழ்ந்தவர்கள் இவர்கள் என்பது அந்த இடத்தில் நின்றால்தான் உறைக்கும்.

இதெல்லாம் நிஜமாவே பழசா, இல்ல புதுசா கட்டினதா?

இடத்துக்கு இடம் மாறும். ப்ரோலியோவில் படங்களில் வரும் செங்கல் மாளிகை 19ஆம் நூற்றாண்டில் பழைய பாணியில் எழுப்பியது; அதைச் சுற்றியுள்ள மதில்தான் பழையது. மொந்தெரிஜ்ஜோனி மதிலைச் சியெனா 1213 முதல் 1219-க்குள் கட்டி முடித்தது. சுற்றளவு சுமார் 570 மீட்டர், கோபுரம் 14, வாசல் இரண்டு. இத்தாலியக் கவிஞர் தாந்தே நரகத்தின் பூதங்களை இந்தக் கோபுரங்களுக்கு ஒப்பிட்டுப் பாடினார். அவர் பார்த்த உயரம் இன்று இல்லை. பியென்ஸா இடைக்காலத்து ஊரே இல்லை. தான் பிறந்த சிற்றூரை, போப் இரண்டாம் பயஸ் 1459 முதல் சில வருடங்களில், ரோசெல்லீனோ என்ற கட்டடக் கலைஞரை வைத்து முன்மாதிரி நகரமாக மாற்றியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோடு போட்ட மாதிரி வரிசை வரிசையாக ஓடும் திராட்சைத் தோட்டங்கள் கோட்டைகளைவிட மிகவும் இளையவை. முன்பு ஒரே வயலில் கோதுமை, ஆலிவ், மரத்தில் ஏற்றிவிட்ட திராட்சைக்கொடி எல்லாம் கலந்திருந்தன. இன்றைய தனிப்பயிர் வரிசைகளில் பெரும்பாலானவை 1960-களுக்குப் பிந்தியவை.

சான் ஜிமிஞானோவில் மட்டும் எப்படி இத்தனை கோபுரம் தப்பிச்சது?

ஊர் ஏழையானதால். ரோமுக்குப் போகும் யாத்திரைப் பாதையான வியா ஃப்ரான்சிஜெனா ஊர் வழியாகப் போனது. குங்குமப்பூ வியாபாரத்தில் பணம் கொட்டியது. பணக்காரக் குடும்பங்கள் போட்டி போட்டுக்கொண்டு கோபுரம் எழுப்பின. 72 இருந்ததாகச் சொல்வார்கள், இன்று 14 நிற்கின்றன. 1348-இல் கொள்ளைநோய் வந்து ஊரில் பெரும்பகுதியை வாரிக்கொண்டு போனது. 1353-இல் ஊர் ஃப்ளாரன்ஸுக்கு அடங்கியது. அதன்பிறகு இடித்துக் கட்டக் காசும் இல்லை, ஆளும் இல்லை. செழித்த நகரங்கள் தங்கள் கோபுரங்களை இடித்துக்கொண்டன. இங்கே அப்படியே நின்றுவிட்டன.

கார் இல்லாம போக முடியுமா?

சான் ஜிமிஞானோ, மொந்தெரிஜ்ஜோனி, மொந்தால்ச்சீனோ, மொந்தெபுல்ச்சானோ, பியென்ஸா ஆகியவற்றுக்குப் பஸ்ஸில் போகலாம். சியெனாவில் தங்கிக்கொள்வது வசதி. ஃப்ளாரன்ஸிலிருந்து சியெனாவுக்கு ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். ரயில் நிலையம் ஊருக்குக் கீழே இருப்பதால் பஸ்ஸில் போவதே எனக்குப் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளும் பஸ் மிகக் குறைவு. திரும்பி வரும் கடைசி பஸ்ஸைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ப்ரோலியோ, வோல்பாயா, தனித்து நிற்கும் பியேவேக்கள் ஆகியவற்றுக்குக் கார் இல்லாமல் நடக்காது.

நடக்கத் தயார் என்றால் மேலே சொன்ன யாத்திரைப் பாதையே இருக்கிறது. கான்டர்பரி பேராயர் சிஜெரிக் 990 வாக்கில் ரோமிலிருந்து திரும்பியபோது தங்கிய 79 இடங்களைக் குறித்துவைத்தார். அதை வைத்துத்தான் இன்று பாதைக்கு அடையாளம் போட்டிருக்கிறார்கள். மொந்தெரிஜ்ஜோனியிலிருந்து சியெனாவுக்குச் சுமார் 20 கிலோமீட்டர், ஒரு பகல் நடை.

கார் எடுத்தா என்ன ஜாக்கிரதையா இருக்கணும்? என் ஃப்ரெண்டுக்கு ஊர் திரும்பி ஆறு மாசம் கழிச்சு ஃபைன் வந்துச்சு.

இந்திய லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும், ஊரிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி வலப்பக்கம் ஓட்ட வேண்டும். உங்கள் நண்பர் மாட்டியது அநேகமாக 'செட்.டி.எல்.' பகுதியில். பழைய ஊரின் மதிலுக்குள் உள்ளூர் வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி. வாசலில் சிவப்பு வளையத்துக்குள் வெள்ளையாக ஒரு பலகையும், மேலே கேமராவும் இருக்கும். வழிகாட்டிச் செயலி உள்ளே போகச் சொன்னாலும் போகாதீர்கள். வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடங்கள். வெள்ளைக் கோடு இலவசம், நீலக் கோட்டுக்குக் காசு, மஞ்சள் கோடு உங்களுக்கு இல்லை.

கியாந்தியில் பல கிளைச் சாலைகள் தாரில்லாத வெள்ளைக் கப்பிச் சாலைகள். மெதுவாகப் போனால் சின்னக் காரே போதும். அந்தி சாய்ந்த பிறகு காட்டுப்பன்றி குறுக்கே ஓடும்.

ஒரு நாளைக்கு எத்தனை ஊர் பார்க்கலாம்? அஞ்சு போட்டிருக்கோம்.

இரண்டு. நான் இதில் விட்டுக்கொடுப்பதில்லை. வரைபடத்தில் 15 கிலோமீட்டர் என்று காட்டுவது வளைந்து வளைந்து அரைமணி நேரம் ஆகும். நிறுத்த இடம் தேட, மேலே ஏற இன்னொரு அரைமணி. ஐந்து ஊர் போட்டால் ஐந்து வாகன நிறுத்துமிடங்களைத்தான் பார்ப்பீர்கள். காலையில் ஒரு கோட்டை அல்லது ஊர், மாலையில் ஒரு கோயில் என்று போடுங்கள். நடுவில் அடங்கிய மதியம் அங்கே உள்ளவர்களுக்கு ஓய்வு நேரம், உங்களுக்கும் அதுவே இருக்கட்டும்.

நாங்க கிறிஸ்தவங்க இல்ல. கோயிலுக்குள்ள போகலாமா? செருப்பைக் கழட்டணுமா?

தாராளமாகப் போகலாம், செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும். ஆண்கள் தொப்பியை எடுத்துவிட வேண்டும். துப்பட்டா ஒன்று பையில் இருந்தால் எல்லா இடத்துக்கும் போதும். பூசை நடந்தால் சுற்றிப் பார்க்காமல் கடைசி வரிசையில் அமைதியாக உட்காரலாம். நற்கருணை எனும் புனித அப்பம் வாங்க மட்டும் வரிசையில் போகாதீர்கள், அது கத்தோலிக்கருக்கானது.

மூணு கோயிலுக்குப் போனோம், மூணும் பூட்டியிருந்துச்சு. ஏன்?

மதியம் போயிருப்பீர்கள். பன்னிரண்டரை வாக்கில் பூட்டினால் மூன்று, மூன்றரைக்குத்தான் திறப்பார்கள். தனித்து நிற்கும் பியேவேக்களில் ஒரே பங்குத்தந்தை பல கோயில்களைப் பார்ப்பதால் ஞாயிறு பூசைக்கு மட்டும் திறப்பதும் உண்டு. கதவில் ஒட்டிய தாளில் நேரம் இருக்கும்.

சில்லறை எடுத்துப் போங்கள். ஓவியம் உள்ள பல கோயில்கள் உள்ளே இருட்டாக இருக்கும். சுவரில் ஒரு சின்னப் பெட்டி. ஒரு யூரோ போட்டால் சில நிமிடம் விளக்கு எரியும். இருட்டுக்குள்ளிருந்து நீலமும் பொன்னும் சட்டென்று எழுந்து வரும் அந்த நொடிக்காகவே நான் நாணயம் சேர்த்து வைப்பேன்.

எனக்குச் சிற்பம், ஓவியம் எல்லாம் பெரிசா தெரியாது. ஒரே ஒரு கோயில் சொல்லுங்க.

சந்த் ஆந்திமோ. மொந்தால்ச்சீனோவிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர், ஆலிவும் திராட்சையும் சூழ்ந்த பள்ளத்தாக்கில் தனியாக நிற்கும் மடத்துக் கோயில். பேரரசர் சார்லமேன் தொடங்கினார் என்பது மரபுக் கதை. இன்றைய கட்டடம் 12ஆம் நூற்றாண்டினது. பக்கத்தில் ஒரு சைப்ரஸ் மரம் மணிக்கோபுரத்துக்கு இணையாக வளர்ந்து நிற்கும்.

வலப்பக்கத் தூண்களின் தலைப்பில், சிங்கக் குகையில் பைபிளில் வரும் தானியேல் இருக்கிறார். ஒருபுறம் அவர் கைகளைத் தூக்கி அமைதியாக ஜெபிக்க, மறுபுறம் சிங்கங்கள் அவரைப் பிடித்துக் கொடுத்தவர்களைக் கிழிக்கின்றன. பீடத்தின் படிகளில் வரி வரியாக எழுத்து ஓடுகிறதே என்று குனிந்து பாருங்கள். மடத்துக்கு நிலம் எழுதிக் கொடுத்த ஆவணத்தைக் கல்வெட்டாகவே பொறித்திருக்கிறார்கள். சில கற்கள் ஒளி ஊடுருவும் வகையைச் சேர்ந்தவை. சாயங்கால வெயில் படும்போது அவை தேன் நிறத்தில் கனன்று நிற்கும்.

நாங்க குடிக்க மாட்டோம். ஒயின் நாட்டுல எங்களுக்கு என்ன இருக்கு?

நிறைய. நிலவறையைச் சுற்றிக் காட்டும்போது யாரும் குடிக்கச் சொல்லி வற்புறுத்த மாட்டார்கள். முன்பதிவின்போதே சொல்லிவிட்டால் ஆலிவ் எண்ணெய் சுவைக்க ஏற்பாடு செய்யும் தோட்டங்கள் உண்டு. நவம்பரில் போனால் புதிதாகப் பிழிந்த எண்ணெய் பச்சையாக, தொண்டையில் காரமாக இறங்கும். சுட்ட ரொட்டியில் பூண்டைத் தேய்த்து அதை ஊற்றித் தருவார்கள்.

குடிக்காதவர்களும் பார்க்க வேண்டியது 'வின் சாந்தோ' செய்யும் பரண். 'புனித ஒயின்' என்று பொருள், பூசையிலும் பயன்பட்டது. திராட்சைக் குலைகளைக் கொடியில் துணி காயப்போடுவது போல் தொங்கவிட்டு மாதக்கணக்கில் வாட விடுவார்கள். பிறகு பிழிந்து, சின்னப் பீப்பாயில் அடைத்து, வெயிலும் குளிரும் ஏறி இறங்கும் கூரையடியில் வருடக்கணக்கில் தொடாமல் விட்டுவிடுவார்கள்.

சுவைச்சுப் பார்க்கும்போது எப்படி நடந்துக்கணும்? அப்புறம் வண்டி ஓட்டலாமா?

முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். வாயில் வைத்துப் பார்த்துவிட்டு மேசையில் உள்ள பாத்திரத்தில் உமிழ்வது மரியாதைக் குறைவில்லை. தொழிலில் உள்ளவர்களே அப்படித்தான் செய்வார்கள். வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் சட்ட வரம்பு. லைசென்ஸ் எடுத்து மூன்று வருடம் ஆகாதவர்களுக்குச் சுழியம். என் பேச்சைக் கேட்பதானால், ஓட்டுபவர் தொடவே வேண்டாம். சாலை எப்படி என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன பண்றது?

டஸ்கனி ஏழை உழவர் சமையலில் பருப்பும் கீரையும் ரொட்டியும்தான் அடிப்படை. பழைய ரொட்டி, கருங்கீரை, வெள்ளை பீன்ஸ் போட்ட 'ரிபொல்லீத்தா'. தக்காளியில் ரொட்டி வெந்த 'பாப்பா அல் பொமொதோரோ'. பூண்டுத் தக்காளிச் சாற்றில் கைதிரித்த தடித்த நூடுல்ஸ் போன்ற 'பீச்சி அல்லாலியோனே'. ரிபொல்லீத்தாவில் சில சமையலறைகளில் பன்றி எலும்பு போடுவதுண்டு. 'சென்ஸா கார்னே', அதாவது இறைச்சி இல்லாமல், என்று சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். பெகொரீனோ பாலாடைக்கட்டியில் விலங்கு ரென்னெட், அதாவது கன்று, ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள், சேர்ப்பது வழக்கம், கண்டிப்பானவர்கள் தவிர்க்கவும். ரொட்டியில் உப்பே இருக்காது. மறந்துபோய் விட்டதில்லை, அங்கே அப்படித்தான். மதியம் இரண்டரைக்கு மேல் சமையலறை மூடினால் இரவு ஏழரைக்குத்தான். பையில் ஏதாவது இருக்கட்டும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. எந்த ஊர் சரிப்படும்?

பியென்ஸா. குன்றின் மேல்தான், ஆனால் உச்சி சமதளம். மதிலோரம் நடந்தால் பள்ளத்தாக்கும் எதிரே 1738 மீட்டர் உயர அமியாத்தா மலையும் தெரியும். உட்காரத் திண்டும் உண்டு. மொந்தெரிஜ்ஜோனியில் வாசல் வரை ஏற்றம், உள்ளே சமம். சந்த் ஆந்திமோ பள்ளத்தாக்கில் இருப்பதால் சிரமமில்லை. மொந்தெபுல்ச்சானோவுக்கு அம்மாவைக் கூட்டிப்போக வேண்டாம். கீழ்வாசலிலிருந்து மேல்சதுக்கம் வரை ஒரே ஏற்றம்.

எந்த மாசம் போகலாம்?

ஏப்ரல் கடைசி முதல் ஜூன் நடுவரை வயல் பச்சை. செப்டம்பர், அக்டோபர் தொடக்கத்தில் அறுவடை. தெருவிலேயே திராட்சை புளிக்கும் வாசனை அடிக்கும். ஆகஸ்டில் வால் தோர்ச்சா அறுத்துக் காய்ந்து பழுப்பாக இருக்கும். படத்தில் பார்த்த பச்சையைத் தேடிப் போய் ஏமாறுபவர்கள் அதிகம். குளிர்காலத்தில் பல கோட்டைகளும் உணவகங்களும் அடைத்திருக்கும்.

வயல் நடுவுல தனித்தனியா கல்வீடுகள் இருக்கே, யாரோடது?

வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுத குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள். விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு, பாதி உழுதவருக்கு. இடைக்காலத்தில் தொடங்கிய இந்த 'மெத்ஸத்ரியா' முறையில் புதிதாக ஒப்பந்தம் போடுவதற்கு 1964-இல்தான் சட்டம் தடை போட்டது. அதற்குள்ளேயே பிள்ளைகள் ஆலை வேலைக்குப் போய்விட்டார்கள், வீடுகள் காலியாகின. 1985-இல் பண்ணைத் தங்கலுக்குச் சட்டம் வந்தது. இன்று நீங்கள் அறை எடுக்கும் 'அக்ரிதுரிஸ்மோ' பல இப்படிப்பட்ட வீடுகள்தான். தரைத்தளத்துச் சாப்பாட்டுக்கூடம் ஒருகாலத்தில் மாட்டுத்தொழுவம். சில இடங்களில் தீவனத் தொட்டியை அப்படியே விட்டுவைத்திருப்பார்கள்.

கல்லுக்குள்ள குத்தின வாள் ஒண்ணு இருக்காமே, நிஜமா?

வாள் நிஜமாகவே இருக்கிறது. சியெனாவுக்குத் தென்மேற்கே, மொந்தெசியேப்பி என்ற குன்றின் வட்டக் கோயிலில். கால்கானோ என்ற வீரர் போரைத் துறந்தபோது வாளைச் சிலுவைபோல் பாறையில் நட்டார் என்பது மரபு; 1181-இல் இறந்தார், நான்கே வருடத்தில் புனிதரானார். 2001-இல் பாவியா பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் சோதித்தபோது உலோகமும் வடிவமும் அந்தக் காலத்தோடு பொருந்தின. கீழே சிஸ்டர்சியன் துறவிகளின் பெரிய மடக்கோயில் கூரையில்லாமல் நிற்கிறது. வானமே அதற்குக் கூரை.

மொந்தெபுல்ச்சானோ ஒயின் வாங்கினேன், கடைக்காரர் இது வேற ஊர்னு சொல்றார். என்ன குழப்பம்?

மொந்தெபுல்ச்சானோ என்று ஒரு திராட்சை வகையும் இருக்கிறது. அது அப்ரூத்ஸோ பகுதியினது. ஊரின் ஒயினுக்குப் பெயர் 'வினோ நோபிலே தி மொந்தெபுல்ச்சானோ', அது பெரும்பாலும் சான்ஜியோவேசே. மொந்தால்ச்சீனோவின் ப்ருனெல்லோ முழுக்கவே சான்ஜியோவேசே. அறுவடை முடிந்து ஐந்தாம் வருட ஜனவரிக்கு முன்பு விற்பனைக்கு வராது. இந்தியாவுக்கு ஒருவர் 2 லிட்டர் வரை தீர்வையின்றிக் கொண்டுவரலாம். கைப்பையில் விடமாட்டார்கள், துணிக்குள் சுற்றிப் பெட்டியில் போடுங்கள்.

கையில ஒரே ஒரு நாள்தான் இருக்கு. எங்க போகட்டும்?

கார் இருந்தால் மொந்தால்ச்சீனோ. காலையில் 1361-இல் சியெனா கட்டிய அரண் மீது ஏறுங்கள். 1555-இல் சியெனா வீழ்ந்தபோது ஊரைவிட்டு வந்தவர்கள் இந்த மதிலுக்குள் இருந்துகொண்டு 1559 வரை தங்கள் குடியரசை உயிரோடு வைத்திருந்தார்கள். மதியம் மெதுவாகச் சாப்பிட்டுவிட்டு, நான்கு மணிக்கு மேல் சந்த் ஆந்திமோவுக்கு இறங்குங்கள். முதலில் தானியேல், பிறகு பீடத்துக் கல்வெட்டு, அதன்பின் வெளியே வந்து ஆலிவ் மரத்தடியில் உட்கார்ந்து, வெயில் சுவரை விட்டு இறங்கும்வரை இருங்கள்.

கார் இல்லை என்றால் சியெனாவிலிருந்து காலை பஸ்ஸில் மொந்தெரிஜ்ஜோனி, அங்கிருந்து யாத்திரைப் பாதையில் நடந்தே திரும்பலாம். தண்ணீர் இரண்டு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்; வழியில் கடை மிகக் குறைவு.